தீப்பிடித்த காசினோவும் கோட் இல்லாத நானும்

டிசம்பர் 3, ஞாயிறு – ஜெனீவா, மோந்த்ரோ

பெட்டி வரவில்லை. பெல்ட்டில் கடைசியாக ஒரு தள்ளுவண்டியும் யாரோ ஒருவரின் பனிச்சறுக்குப் பையும் சுற்றிக்கொண்டிருந்தன. அப்புறம் பெல்ட்டே நின்றுவிட்டது. கோட், கம்பளி சாக்ஸ், தெர்மல் எல்லாம் பெட்டிக்குள்தான். கவுன்டரில் இருந்த பெண் ஒரு படிவத்தை நீட்டி, "நாளை வரும், இல்லாவிட்டால் நாளை மறுநாள்" என்றார். அவர் முகத்தில் கொஞ்சமும் சலனம் இல்லை. வெளியே 1 டிகிரி. ஞாயிற்றுக்கிழமை என்பதால் துணிக்கடை ஒன்றும் திறந்திருக்கவில்லை. சட்டை மேல் சட்டை, அதன்மேல் விமானத்தில் போட்டிருந்த மெல்லிய ஸ்வெட்டர். அவ்வளவுதான் என்னிடம் இருந்த ஆயுதம்.

ரயில் லோசான் தாண்டியதும் வலது பக்கம் ஏரி வந்தது. இடது பக்கம் படிப்படியாகத் திராட்சைத் தோட்டங்கள், இலை ஒன்றுகூட இல்லாமல். எதிரில் இருந்த பெரியவர் நான் நடுங்குவதைப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் எழுந்து ஜன்னலோர ஹீட்டர் பக்கத்து இருக்கையைக் காட்டினார். நன்றி சொன்னேன். தலையை அசைத்துவிட்டுச் செய்தித்தாளுக்குள் போய்விட்டார். உதவி செய்வார்கள், ஆனால் அதைச் சாக்காக வைத்துப் பேச்சுக்கொடுக்க மாட்டார்கள். எனக்கு இது பிடித்திருந்தது.

இந்தக் குளிரில் மோந்த்ரோ என்ற இந்தச் சுவிஸ் ஊருக்கு வர வேண்டிய காரணம் ஒரு பாட்டு. ஆங்கில ராக் குழுவான டீப் பர்பிளின் 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்', அதாவது 'தண்ணீர் மேல் புகை'. கிட்டார் கையில் எடுத்த எவரும் முதல் வாரத்திலேயே வாசித்துப் பார்க்கும் அந்த மெட்டுக்குச் சொந்தக்காரப் பாட்டு. அதன் வரிகளில் கற்பனை என்று பெரிதாக எதுவும் கிடையாது. 1971 டிசம்பர் 4 அன்று இந்த ஊரில் என்ன எரிந்தது, யார் ஓடினார்கள், அதற்கப்புறம் இவர்கள் எங்கே போய்ப் பதிவு செய்தார்கள் என்று வரிசையாகச் சொல்லும் பாட்டு அது. ஊர்ப் பெயர்கூட முதல் வரியிலேயே வந்துவிடும். அதை வைத்துக்கொண்டு ஊரைச் சுற்றிவிடலாம் என்று எனக்கு ஒரு நினைப்பு. அதனால்தான் நாளும் இதுவாகப் பார்த்துக் கிளம்பினேன்.

மாலை ஏரிக்கரையில் கிறிஸ்துமஸ் சந்தை. மரக்குடில்கள், வெந்நீர்போல் ஆவி பறக்கும் மசாலா ஒயின், காது கிழிய ஒலிபெருக்கி. சந்தைத் திடல் ஓரத்தில் குயீன் ராக் குழுவின் பாடகர் ஃப்ரெடி மெர்குரி ஏரியைப் பார்த்துக் கையை உயர்த்தி நிற்கிறார். சிலையோடு படம் எடுக்க வரிசை. சாப்பாட்டுக்கு ராக்லெட்: பாதிச் சீஸ் வட்டை நெருப்புக்கு அருகில் பிடித்து, உருகியதை அவித்த உருளைக்கிழங்கின் மேல் வழித்துப் போடுகிறார்கள். கூடவே குட்டி ஊறுகாய் வெள்ளரி, வெங்காயம். ஒரு தட்டு 10 பிராங்க், அன்றைய மதிப்பில் நம் பணத்தில் சுமார் 950 ரூபாய். விலை வயிற்றைக் கலக்கினாலும் அந்தச் சூட்டுக்குக் கொடுக்கலாம்.

கடைக்காரரிடம், நாளை தீ விபத்தின் நாள், ஏதாவது நிகழ்ச்சி உண்டா என்று கேட்டேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நிகழ்ச்சி இல்லை. ஆனால் இந்த ஊரில் எழுபது வயதான எந்த ஆளைக் கேட்டாலும் அன்றைக்கு உள்ளே இருந்தேன் என்பார். எல்லாரும் சொல்வது நிஜமென்றால் காசினோ ஒரு கால்பந்து மைதானம் அளவுக்கு இருந்திருக்க வேண்டும்" என்றார்.

டிசம்பர் 4, திங்கள் – காசினோ

இரவெல்லாம் பனி பெய்து, காலையில் அதுவே சேறாகிவிட்டது. விடுதிக் காலை உணவில் ரொட்டி, வெண்ணெய், மூன்று வகை ஜாம், அளவில்லாத காபி. கடையில் ஒரு காபி 4.80 பிராங்க் என்பதால் இங்கேயே மூன்று கோப்பை குடித்துக்கொண்டேன்.

காசினோ ஏரியைப் பார்த்தபடி நிற்கிறது. அன்று எரிந்தது இந்தக் கட்டடம் அல்ல. இது அதே இடத்தில் 1975-இல் திறந்த புதியது. கண்ணாடி, கான்கிரீட், உள்ளே சூதாட்ட இயந்திரங்களின் டிங் டிங். பாட்டின் பக்தர் யாரும் இதைப் பார்த்துக் கண்கலங்க வழியில்லை.

கதை இதுதான். டீப் பர்பிள் இங்கே வந்தது கச்சேரிக்கு அல்ல, ஆல்பம் பதிவு செய்ய. ஸ்டுடியோவுக்குள் வாசித்தால் மேடையின் சத்தம் வரவில்லை என்பது அவர்கள் குறை. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவிடம் ஒரு லாரிக்குள் முழு ஒலிப்பதிவுக்கூடம் இருந்தது. அதை வாடகைக்கு எடுத்து வந்து வெளியே நிறுத்தி, குளிர்காலத்துக்கு மூடப்போகும் காசினோவின் காலி அரங்கில் வாசித்துப் பதிவு செய்வது திட்டம். மூடுவதற்கு முன் ஒரே ஒரு கச்சேரி பாக்கி. அமெரிக்க ராக் கலைஞர் ஃப்ராங்க் ஸாப்பாவும் அவருடைய மதர்ஸ் ஆஃப் இன்வென்ஷன் குழுவும். டீப் பர்பிள் ஆட்களும் பார்வையாளர்களாகப் போய் உட்கார்ந்தார்கள்.

சின்தசைசர் தனி ஆவர்த்தனம் போய்க்கொண்டிருந்தபோது கூட்டத்தில் யாரோ ஒருவன் ஆபத்துக்கால வெளிச்சத்துப்பாக்கியால் கூரையைப் பார்த்துச் சுட்டான். கூரை பிரம்பு வேய்ந்தது. பற்றிக்கொள்ள வேறென்ன வேண்டும்? ஸாப்பா பதறாமல் கூட்டத்தை வெளியே போகச் சொல்லியிருக்கிறார். மோந்த்ரோ ஜாஸ் விழாவை 1967-இல் தொடங்கிய க்ளோட் நோப்ஸ் உள்ளுக்கும் வெளிக்கும் ஓடி, மாட்டிக்கொண்ட பிள்ளைகளை இழுத்து வந்தார். பாட்டில் அவர் பெயர் அப்படியே செல்லப்பெயரோடு வருகிறது. ஓர் உயிர்கூடப் போகவில்லை. காசினோவும் ஸாப்பா குழுவின் கருவிகளும் போயின. பாவம், ஸாப்பாவின் கெட்ட நேரம் அத்தோடு முடியவில்லை. ஆறு நாள் கழித்து லண்டன் மேடையில் பார்வையாளர் ஒருவன் அவரைத் தள்ளிவிட, வாத்தியக்காரர்கள் உட்காரும் பள்ளத்தில் விழுந்து பலத்த காயம்.

மலையிலிருந்து இறங்கிய காற்று புகையை ஏரிப் பக்கம் தள்ளியது என்று பாடகர் இயன் கில்லன் சொல்லியிருக்கிறார். காசினோ வாசலில் நின்று மலையைப் பார்த்தால் அது எப்படி நடந்திருக்கும் என்று சொல்லாமலே புரிகிறது. மலைக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஊருக்கு இருப்பதே ஒரு கீற்று நிலம்தான். மேலிருந்து வரும் காற்று வேறெங்கும் போக முடியாது. இன்றைக்கும் அதே காற்று. என் ஸ்வெட்டருக்குள் புகுந்து முதுகு வழியே வெளியேறியது.

காசினோவுக்குள் ஓர் இலவச அருங்காட்சியகம் உண்டு, அது குயீன் குழுவுக்கானது. புதிய கட்டடத்தில் இயங்கிய மவுன்டன் ஸ்டுடியோவை 1979-இல் குயீன் வாங்கிவிட்டது. ஃப்ரெடி கடைசியாகப் பாடிய சில பாடல்கள் பதிவானதும் இங்கேதான். கையெழுத்து வரிகள், மேடை உடைகள், ஒலிக்கலவைப் பலகை எல்லாம் நன்றாகவே வைத்திருக்கிறார்கள். ஜப்பானியத் தம்பதி ஒன்று அழுதுகொண்டிருந்தது. ஆனால் எரிந்த காசினோவால்தான் இந்த ஊரின் பெயர் உலகத்துக்கே தெரிந்தது. அதே இடத்தில் வேறொரு குழுவுக்குக் கோயில். வாயிற்காவலரிடம் டீப் பர்பிள் என்றேன். கையை வெளியே ஏரிக்கரைப் பக்கம் காட்டினார்.

பிற்பகலில் பழைய துணி விற்கும் கடை திறந்தது. 20 பிராங்குக்குச் சாம்பல் நிறக் கம்பளிக் கோட். பையில் யாருடைய சலவை ரசீதோ இருந்தது. கடைக்கார அம்மா அதை வாங்கிப் பார்த்து, "இவர் நல்ல சலவைக்காரரிடம் கொடுத்திருக்கிறார்" என்று எனக்குத் தைரியம் சொன்னார். தோள் கொஞ்சம் இறுக்கம். பரவாயில்லை, உயிர் வந்தது.

டிசம்பர் 5, செவ்வாய் – தெரித்தே

201 எண் ட்ராலிபஸ். விடுதியில் தரும் அட்டையைக் காட்டினால் இலவசம். இந்த ஊரில் இலவசமாகக் கிடைப்பதை விடுவேனா, நாள் முழுக்க ஏறி இறங்கினேன். இங்கே எதையும் கேட்பதற்கு முன் 'போன்ஷூர்' சொல்ல வேண்டும். நேரடியாகக் கேள்விக்குப் போனால் ஓட்டுநரே அதைச் சொல்லிக்காட்டி, நம்மைச் சொல்லவைத்து, அப்புறம்தான் பதில் தருகிறார்.

தெரித்தே, மோந்த்ரோவின் கிழக்கு ஓரம். ரயில் நிலையத்தை ஒட்டியே கிராண்ட் ஹோட்டல். இப்போது அடுக்குமாடி வீடுகள். பால்கனிகளில் சைக்கிளும் செடித்தொட்டிகளும். ஒரு காலத்தில் ஆஸ்திரியப் பேரரசி எலிசபெத் வந்து தங்கிய இடம் இந்தப் பகுதி, அருகில் அவருக்குச் சிலை உண்டு. ராஜாக்கள் போன பிறகு பெரிய ஹோட்டல்களுக்குக் கஷ்டகாலம். 1971 குளிர்காலத்தில் இது ஆள் இல்லாமல், வெப்பமும் இல்லாமல் கிடந்தது.

என்னைக் கேட்டால் பாட்டின் முக்கியமான இடம் எரிந்த காசினோ அல்ல, இந்தக் கட்டடம்தான். தீ வெறும் செய்தி. அதைப் பாட்டாக்கியது அதற்கப்புறம் வந்த இடைஞ்சல்கள்.

காசினோ போனதும் நோப்ஸ் அவர்களுக்கு ஊருக்குள் பெவிலியன் என்ற அரங்கைப் பிடித்துக்கொடுத்தார். அங்கே முதல் நாளே குழுவின் கிட்டார்காரர் ரிச்சி ப்ளாக்மோர் அந்த மெட்டைக் கொண்டுவர, பாடல் வரி இல்லாமல் இசையை மட்டும் இரவில் பதிவு செய்தார்கள். சத்தம் தாங்காமல் அக்கம்பக்கத்தார் போலீசைக் கூப்பிட்டுவிட்டார்கள். போலீஸ் வந்து கதவைத் தட்ட, உள்ளே குழுவின் உதவியாளர்கள் கதவை உடம்பால் அழுத்திப் பிடித்துக்கொள்ள, அந்த நேரத்தில் பதிவு முடிந்தது. முடிந்த கையோடு வெளியேற்றப்பட்டார்கள். உலகமே வாசிக்கும் அந்தத் தாளக்கட்டில் ஒரு விரட்டல் இருக்கிறதே, அது எனக்கு இனிமேல் போலீஸ் கதவைத் தட்டுவதாகத்தான் கேட்கும்.

பல நாள் தேடி, கடைசியில் இந்தக் கிராண்ட் ஹோட்டல். ஒரு தாழ்வாரத்தின் முனையில் மெத்தைகளைச் சுவரில் சாய்த்து எதிரொலியை அடக்கினார்கள். சிவப்பு விளக்குகளை மாட்டிக்கொண்டார்கள். லாரி வெளியே நிற்கிறது. வாசித்ததைக் கேட்க வேண்டுமென்றால் அறை அறையாகப் புகுந்து, பால்கனி தாண்டி, குளிரில் வெளியே இறங்கி லாரிக்குப் போக வேண்டும். சில முறை போய்ப் பார்த்து அலுத்துப்போய், கேட்பதையே விட்டுவிட்டார்கள். ஒலிப்பதிவாளர் மார்ட்டின் பர்ச் நன்றாக இருக்கிறது என்றால் சரி, அடுத்தது. வெளிச்சுவரை ஒட்டி நடந்து பார்த்தபோது அந்த அலுப்பு எனக்கு நன்றாகவே விளங்கியது. நீளமான கட்டடம், சரிவான நிலம். இங்கே பதிவான 'மெஷின் ஹெட்' ஆல்பத்தில் திரும்பத் திரும்பத் தேய்த்து மெருகேற்றிய வாடை இல்லாததற்கு இந்த நடைதான் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

கடைசியில் ஆல்பத்துக்குச் சில நிமிடங்கள் குறைந்தன. பெவிலியனில் பதிவான, வரியில்லாத அந்த இசை கையில் இருந்தது. தீக்குச் சில நாள் கழித்துத் தூக்கத்திலிருந்து விழிக்கும்போது பேஸ் கிட்டார் வாசிக்கும் ரோஜர் க்ளோவரின் வாயில் தலைப்பு தானாக வந்திருந்தது. போதைப் பாட்டு என்று நினைத்துவிடுவார்களே என்று கில்லனுக்குத் தயக்கம். பிறகு இருவரும் உட்கார்ந்து நடந்ததை நடந்தபடி எழுதினார்கள். மெத்தை, சிவப்பு விளக்கு, லாரி, எல்லாம் உள்ளே வந்துவிட்டன.

நான் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது நாயோடு வெளியே வந்த அம்மையார் யாரைத் தேடுகிறேன் என்று கேட்டார். சொன்னேன். "கோடையில் வாரத்துக்கு ஒருவர் வருவார். குளிர்காலத்தில் நீங்கள்தான்" என்றார். உள்ளே விடுவாரோ என்று ஆசையாகப் பார்த்தேன். அதெல்லாம் நடக்கவில்லை. கதவை அழுத்திச் சாத்திக்கொண்டு, நாயை இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஹோட்டலுக்குப் பக்கத்திலிருந்தே கிளியோனுக்கு ஏறும் இழுவை ரயில், 1883-இல் ஆரம்பித்தது. மேலே போனால் மூடுபனி. ஏரி தெரியவில்லை, முன்னால் நின்ற ஆளே தெரியவில்லை. இறங்கிவிட்டேன். மதியம் பப்பே: உருளைக்கிழங்கும் லீக் என்கிற பெரிய வெங்காயத்தாளும் குழைய வெந்து, மேலே தடித்த பன்றி சாசேஜ். 27 பிராங்க். உப்பும் புகைவாசமும் தவிர வேறு காரசாரம் இல்லை. மேசையில் மிளகுத்தூளைக் கவிழ்ப்பதைப் பார்த்துப் பரிமாறிய பையன் கடுகுக் குழம்பைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தான். நல்ல பிள்ளை.

டிசம்பர் 6, புதன் – ஏரிக்கரை

விடியும்போதே மழை. பெட்டி வந்துவிட்டதாக விடுதி வரவேற்பறையில் சொன்னார்கள். சக்கரம் ஒன்று உடைந்திருந்தது. இழப்பீட்டுக்கு இன்னொரு படிவம்.

மழையோடு ஏரிக்கரையில் தேடி, நினைவுச்சின்னத்தைக் கண்டுபிடித்தேன். குழுவின் பெயர், பாட்டின் பெயர், அந்த மெட்டின் இசைக்குறிப்பு. நான் இருந்தவரை யாரும் நிற்கவில்லை. ஃப்ரெடியிடம் இந்த மழையிலும் குடை பிடித்து வரிசை.

மெட்டை நம் முறையில் சொன்னால் எவ்வளவு சின்னது என்பது தெரியும். ச க ம, ச க மி ம, ச க ம க ச. அவ்வளவுதான். சாதாரண காந்தாரம், சுத்த மத்யமம், நடுவில் ஒரே ஒரு முறை பிரதி மத்யமத்தைத் தொட்டு உடனே சுத்தத்துக்கு இறங்கும். நாலே ஸ்வரம். அந்த ஒரு தொடுகைதான் மெட்டின் காரம், அதை எடுத்துவிட்டால் தாலாட்டாகிவிடும். ப்ளாக்மோர் ஒவ்வொரு ஸ்வரத்தோடும் அதன் கீழ்த் துணையையும் சேர்த்தே ஒலிக்கவிடுகிறார், ஷட்ஜத்தோடு மந்திர பஞ்சமம் சேர்வதுபோல. அதுவும் தந்தியை மீட்டும் 'பிக்' இல்லாமல் விரல்களால் இரண்டு தந்தியையும் ஒரே நேரத்தில் சுண்டி. அதனால்தான் அது இவ்வளவு தீர்மானமாகக் கேட்கிறது. அப்புறம் ஜான் லார்ட் ஹாமண்ட் ஆர்கனை கிட்டார் ஆம்ப்ளிஃபையருக்குள் விட்டு அதே மெட்டைத் தடிமனாக்குகிறார். பெய்ஸின் டிரம்ஸ் ஒவ்வொரு பாகமாகச் சேரும். க்ளோவரின் பேஸ் கடைசியில் வரும்போது தரையே நகர்வதுபோல் இருக்கும்.

திரும்பும் பஸ்ஸில் எதிரில் இருந்த அம்மா என்னையே பார்த்துவிட்டு, "தம்பி, இந்தியாவோ?" என்றார். ஆமாம் என்றதும், "என்ன விசயமா இந்தக் குளிருக்குள்ள வந்தனீங்கள்?" என்று கேட்டார். யாழ்ப்பாணத்துக்காரர். பக்கத்தில் பதிமூன்று வயது மதிக்கத்தக்க மகன், முதுகில் கிட்டார் பை, காதில் ஹெட்போன். வந்த காரணத்தைச் சொல்லி மெட்டை வாயால் பாடிக்காட்டினேன். "அட, இவன் வீட்டில ஒவ்வொரு நாளும் போட்டு உயிரை எடுக்கிறது இதெல்லோ!" என்று மகன் தோளில் தட்டினார். பையன் ஹெட்போனைக் கழற்றினான். வாத்தியார் முதல் வகுப்பிலேயே அதைத்தான் காட்டினாராம். ப்ளாக்மோர் விரலால் சுண்டுவார் என்று நான் பெருமையாகச் சொல்ல, "தெரியும் அங்கிள், வீடியோ பார்த்தனான்" என்றான். ஆனால் பாட்டு இந்த ஊரைப் பற்றியது, தினமும் அவன் பஸ் கடக்கும் காசினோவைப் பற்றியது என்பது அவனுக்குத் தெரியவில்லை. வாத்தியார் மெட்டோடு நிறுத்திக்கொண்டிருக்கிறார். "உண்மையாவோ அம்மா?" என்று தாயிடம் கேட்டான். "எனக்கென்னடா தெரியும், நான் அப்ப பருத்தித்துறையில பிறக்கவே இல்லை" என்றார் அவர். இறங்கும்போது, "கோட்டு நல்லாத்தான் இருக்கு, ஆனா கழுத்துக்கு ஒண்டும் இல்லையே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

டிசம்பர் 7, வியாழன் – ஜெனீவா ரயிலில்

பாட்டு வெற்றி பெறும் என்று குழுவில் யாரும் பெரிதாக நம்பவில்லை. 'மெஷின் ஹெட்' 1972 மார்ச்சில் வந்தபோது தனி இசைத்தட்டாக வெளியிட்டது 'நெவர் பிஃபோர்' என்ற வேறொரு பாட்டை. அதை இன்று யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்? இந்தப் பாட்டு தனித்தட்டாக அமெரிக்காவில் வந்தது 1973-இல்தான். பில்போர்டு பட்டியலில் 4-ஆம் இடம் வரை போயிற்று. வானொலியைவிட மேடைதான் அதைத் தூக்கிவிட்டது.

இன்று டிசம்பர் 7. 1988-இல் இதே நாளில் ஆர்மீனியாவில் பூகம்பம், ஏறத்தாழ 25,000 பேர் இறந்தார்கள். அடுத்த வருடம் நிவாரண நிதிக்காக ஆங்கில ராக் உலகமே கூடி ஒரு பாட்டைப் புதிதாகப் பதிவு செய்தது. தேர்ந்தெடுத்தது இதைத்தான். கில்லன், ப்ளாக்மோர் இருவரோடும் வேறு பெரிய ராக் குழுக்களிலிருந்து டோனி அயோமி, டேவிட் கில்மோர், ப்ரூஸ் டிக்கின்சன். குயீனின் பிரையன் மேயும் ரோஜர் டெய்லரும்கூட உண்டு. காசினோ அருங்காட்சியகத்தில் நான் பார்த்தவர்கள் கடைசியில் இந்தப் பாட்டுக்கே வந்து வாசித்திருக்கிறார்கள் என்பதில் எனக்கு அல்ப சந்தோஷம். கில்லனும் அயோமியும் ஆர்மீனியாவை அத்தோடு விடவில்லை. 2011-இல் கியூம்ரி நகரத்தின் இசைப்பள்ளிக்காக மறுபடி சேர்ந்து ஒரு தட்டு வெளியிட்டார்கள்.

லோசான் வரும்வரை அந்த நிதிப் பதிவைக் கேட்டுக்கொண்டு வந்தேன். காரியம் பெரியது, பதிவு சுமார். மெட்டுக்கு இரண்டு விரல் போதும் என்ற இடத்தில் இத்தனை கிட்டார்காரர்கள், ஆளுக்கொரு அலங்காரம். அப்புறம் 1972 ஆகஸ்டில் ஒசாகாவில் மேடையில் வாசித்ததைப் போட்டேன். லார்டும் ப்ளாக்மோரும் ஒருவரையொருவர் சீண்டிக்கொண்டே போகிறார்கள். ஸ்டுடியோப் பதிவைவிட நீளம், அதைவிட முரடு. முதல்முறை கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் போட்டுக் காட்டுவேன்.